சலித்த பிறகு ஏற்று!

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக நரிக்குடிப் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம்தான். நடுநடுவே மண் பூசிய மேடு ஒன்று புகைந்துகொண்டிருக்கும். அதுதான் கரிமூட்டம். வெட்டிய விறகை நெருக்கமாக அடுக்கி, மேலே வைக்கோலைப் பரப்பி, ஈரமண் பூசி, காற்றுக்குச் சின்னத் துளைகள் மட்டும் விட்டுப் பல நாட்கள் மெதுவாக வேகவிடுவார்கள். நாலைந்து டன் விறகு போட்டால் ஒரு டன் கரி கிடைக்கும்.

இதை ஏன் காட்டிலேயே செய்கிறார்கள்? விறகை லாரியில் ஏற்றி, கரி தேவைப்படும் ஊருக்குக் கொண்டுபோய் அங்கே மூட்டம் போட்டால் என்ன? எந்தக் கரி வியாபாரியிடம் கேட்டாலும் சிரிப்பார். ஒரு லாரிக் கரிக்காக நாலைந்து லாரி விறகுக்கு வாடகை கொடுக்க அவருக்கென்ன கிறுக்கா?

பருத்தியும் இப்படித்தான். மூன்று கிலோ பருத்தியை அரைத்தால் ஏறத்தாழ ஒரு கிலோ பஞ்சு வரும், மீதி கொட்டை. அதனால்தான் ஜின்னிங் மில்கள் கரிசல் காட்டை ஒட்டியே இருக்கும். எடை குறையும் சரக்கை அது விளையும் இடத்துக்குப் பக்கத்திலேயே பக்குவப்படுத்து என்று ஜெர்மானியரான ஆல்ஃபிரட் வெபர் 1909இல் புத்தகமே எழுதினார். கரிசல் சம்சாரிக்கு இதைச் சொல்ல புத்தகம் வேண்டியதில்லை.

ஆனால் கம்ப்யூட்டர் படிக்கும் மாணவர்களுக்கு வேண்டியிருக்கிறது! காட்டில் யாரும் செய்யாத இந்தத் தப்பை ப்ரோகிராமில் பலரும் தினமும் செய்கிறார்கள். டேட்டாபேஸிலிருந்து அத்தனை வரிகளையும் இறக்கிக்கொண்டு வந்து, அப்புறம் ஒரு ஃபார் லூப் போட்டு வேண்டாததைத் தூக்கி எறிகிறார்கள். வேண்டாததைத் தரவு இருக்கும் இடத்திலேயே கழித்துவிட்டு, வேண்டியதை மட்டும் மேலே அனுப்பச் சொல்வதற்கு ஆங்கிலத்தில் ‘ப்ரெடிகேட் புஷ்டவுன்’ என்று பெயர். தமிழில் ‘வடிகட்டலைக் கீழே தள்ளுதல்’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

திருச்சுழி வட்டாரத்துக் கல்லூரி மாணவர் ஒருவர் இறுதியாண்டு ப்ராஜெக்டாக, உழவர் குழு ஒன்றுக்கு ஒரு சின்ன மென்பொருள் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கிராமத்தில், எந்தப் பசலியில், எந்தச் சர்வே எண்ணில், யார், என்ன பயிர் போட்டார்கள் என்பதுதான் தரவு. கேள்வி எளிமையானது: ‘இந்தக் கிராமத்தில், இந்தப் பசலியில், மானாவாரியாகப் பருத்தி போட்டவர்கள் யார்?’

மொத்தம் ஒரு லட்சம் வரிகள். ஒரு வரிக்கு 400 பைட். ஆக, 40 மெகாபைட். பதில் 120 வரிகள்தான், அதாவது 48 கிலோபைட்.

கல்லூரி லேபில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. இரண்டுமே கண் இமைப்பதற்குள் வந்துவிடும். அதே மென்பொருளை டவர் சரியாகக் கிடைக்காத ஒரு கிராமத்தில், நொடிக்கு 100 கிலோபிட் வேகத்தில் திறந்து பாருங்கள். 48 கிலோபைட் வர சுமார் 4 நொடி. 40 மெகாபைட் வர சுமார் 53 நிமிடம்! பயிர்க் காப்பீட்டுப் பதிவுக்குக் கடைசி நாள், சாயங்காலம், வரிசையில் முப்பது பேர் என்றால் இந்த 53 நிமிடம் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கிற மானாவாரிப் பூமி அது. மழை ஏமாற்றினால் கைகொடுக்க அந்தக் காப்பீடு ஒன்றுதான் இருக்கும்.

பழைய யோசனைதான்

இது ஒன்றும் நேற்று வந்த யோசனை இல்லை. ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோஸே ஆய்வகத்தில் 1970களில் ‘சிஸ்டம் ஆர்’ என்ற டேட்டாபேஸைக் கட்டினார்கள். 1979இல் பாட்ரிஷியா செலிஞ்சரும் சகாக்களும் அதைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றும் பாடமாக இருக்கிறது. சிஸ்டம் ஆரில் இரண்டு அடுக்குகள் உண்டு. மேல் அடுக்கு கேள்வியைப் புரிந்துகொள்ளும், கீழ் அடுக்கு டிஸ்க்கிலிருந்து வரிகளை எடுக்கும். செலவுக் கணக்கில் இரண்டு சங்கதிகளைச் சேர்த்தார்கள். ஒன்று, எத்தனை பக்கங்களை டிஸ்க்கிலிருந்து எடுக்க வேண்டும். மற்றொன்று, மேல் அடுக்கு கீழ் அடுக்கை எத்தனை முறை கூப்பிட வேண்டும். நிபந்தனையைக் கீழேயே சோதித்துவிட்டால் வேண்டாத வரிக்காக மேலும் கீழும் ஏறி இறங்கும் வேலை மிச்சம். அப்படிக் கீழே அனுப்பக்கூடிய நிபந்தனைகளுக்கு ‘சார்கபிள்’ என்று பெயர் வைத்தார்கள். ‘சர்ச் ஆர்க்யுமென்ட்’ என்பதைச் சுருக்கிச் செய்த சொல் அது.

நெட்வொர்க் உலகத்திலும் இதே கதைதான். 1993இல் ஸ்டீவன் மெக்கேனும் வான் ஜேக்கப்சனும் வெளியிட்ட ‘பெர்க்லி பாக்கெட் ஃபில்டர்’, வேண்டாத பாக்கெட்டுகளைக் கெர்னலுக்குள்ளேயே கழித்துவிடும். ஆரக்கிள் 2008இல் கொண்டுவந்த எக்ஸாடேட்டாவில் டிஸ்க்குகளை வைத்திருக்கும் பெட்டிகளே சலிக்கும் வேலையைச் செய்கின்றன. 2013இல் வந்த பார்க்கே கோப்பு வடிவத்தில் இன்னொரு தந்திரம். வரிகளைக் கட்டுக்கட்டாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டுக்கும் ‘இதற்குள் இருக்கும் மிகச் சிறிய எண் இது, மிகப் பெரிய எண் இது’ என்று குறித்து வைத்துவிடுவார்கள். மிளகாய் மூட்டையின் வாயில் சீட்டுக் கட்டி வைப்பது போல. சீட்டைப் பார்த்தாலே போதும், மூட்டையை அவிழ்க்க வேண்டாம்.

அரசாங்கக் கணக்கிலும் உண்டு

தாலுகா ஆபீஸ் பக்கம் போனவர்களுக்கு ஜமாபந்தி தெரிந்திருக்கும். பசலி ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடியும். அது முடியும் தறுவாயில், கிராமக் கணக்குகளை வட்ட அலுவலகத்தில் வைத்துச் சரிபார்ப்பதுதான் ஜமாபந்தி. மற்ற நாட்களில் அடங்கலும் சிட்டாவும் கிராமத்திலேயே இருக்கும். முன்பு கர்ணம், 1980இல் பரம்பரைப் பதவிகள் ஒழிக்கப்பட்ட பிறகு கிராம நிர்வாக அலுவலர். மாவட்டத்துக்கு ஏதாவது விவரம் வேண்டுமென்றால் கேள்விதான் வட்டம், பிர்கா, கிராமம் என்று கீழே இறங்கும். கணக்குப் புத்தகங்கள் மாட்டுவண்டியில் மேலே ஏறாது. பதில் மட்டும் ஏறும்.

இன்றைக்கு இணையத்தில் பட்டா, சிட்டா பார்க்கும்போதும் அதே வரிசைதான். மாவட்டம், வட்டம், கிராமம் தேர்ந்தெடுத்து, பட்டா எண்ணையோ புல எண்ணையோ கொடுத்தால் பதில் வரும். ‘எல்லாவற்றையும் காட்டு’ என்று ஒரு பட்டன் அங்கே கிடையாது. எதிர்ப்பக்கத்தில் வாக்காளர் பட்டியலைப் பாருங்கள். பாகம் பாகமாக பி.டி.எஃப். கோப்புகள். ஒரே ஒரு பெயருக்காக முழுப் பாகத்தையும் இறக்கிப் புரட்ட வேண்டும். அதே ஆளை வாக்காளர் அட்டை எண் கொடுத்துத் தேடினால் ஒரே ஒரு வரியில் பதில் வந்துவிடும். முதலாவதில் சலிப்பவர் வாசகர், இரண்டாவதில் சர்வர். அவ்வளவுதான் வித்தியாசம்.

தானாக நடக்காத இடங்கள்

சாதாரண எஸ்.க்யூ.எல். டேட்டாபேஸுக்குள் இதெல்லாம் தானாகவே நடக்கும். சிக்கல் எங்கே என்றால், ப்ரோகிராமுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் ஒரு அடுக்கு வரும்போதுதான்.

மைக்ரோசாஃப்ட் 2007 நவம்பரில் டாட்நெட் 3.5உடன் கொண்டுவந்த ‘லிங்க்’ நல்ல உதாரணம். அதில் ‘ஐ-க்யூரியபிள்’ மீது ஒரு நிபந்தனை எழுதினால் அது உடனே ஓடாது. ஒரு மரம் போல அப்படியே சேர்த்து வைக்கப்பட்டு, கடைசியில் எஸ்.க்யூ.எல். ஆக மாற்றப்பட்டு டேட்டாபேஸுக்குப் போகும். அதே நிபந்தனையை ‘ஐ-எனுமரபிள்’ மீது எழுதினால் எல்லா வரிகளும் இறங்கி வந்த பிறகு இங்கே சலிக்கப்படும். பார்வைக்கு இரண்டு வரிகளும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். நடுவில் தெரியாத்தனமாக ஒரு ‘டூலிஸ்ட்’ போட்டுவிட்டால் கதை முடிந்தது, விறகு லாரி கிளம்பிவிட்டது என்று அர்த்தம்!

இதில் மோசமானது, சத்தமில்லாமல் நடப்பதுதான். என்டிட்டி ஃப்ரேம்வொர்க் கோரின் ஆரம்பப் பதிப்புகள், எஸ்.க்யூ.எல். ஆக மாற்ற முடியாத நிபந்தனை வந்தால் ஒரு எச்சரிக்கையை மட்டும் பதிந்துவிட்டு எல்லாவற்றையும் இறக்கிச் சலித்தன. 2019இல் வந்த 3.0 பதிப்பில் அதை மாற்றி, முடியாது என்று பிழை காட்டி நின்றுவிடும்படி செய்தார்கள். நிறைய பேர் திட்டினார்கள். ஆனால் சரியான முடிவு அதுதான். முடியாததை முடியாது என்று சொல்வது நல்ல வேலைக்காரனுக்கு அழகு.

சொந்தமாக எழுதும்போது

அந்த மாணவரின் தரவு டேட்டாபேஸிலேயே இல்லை, கிராமத்துக்கு ஒரு ஃபோல்டர், பசலிக்கு ஒரு கோப்பு என்று ஒரு சர்வரில் கிடக்கிறது என்றால்? அப்போது கேள்வியை நிறைவேற்றும் பகுதியை அவரே எழுத வேண்டும். நிபந்தனைகளை மூன்று கூறாகப் பிரிப்பதுதான் அதன் சாரம்.

முதலாவது, கிராமமும் பசலியும். இதற்குக் கோப்பைத் திறக்கவே வேண்டாம். ஃபோல்டர் பெயரைப் பார்த்தே மற்றவற்றைத் தள்ளிவிடலாம். இரண்டாவது, பயிர் பருத்தி என்பது. சர்வரில் கோப்பைப் படித்துக்கொண்டே சோதிக்கலாம். மூன்றாவது, சர்வருக்குப் புரியாத நிபந்தனைகள். அவற்றை மீதி என்று எடுத்துவைத்து, வந்த வரிகள் மீது இங்கே சோதிக்க வேண்டும்.

நிபந்தனைகள் ‘மற்றும்’ என்று சேர்ந்திருந்தால் இப்படித் தனித்தனியாகப் பிரிக்கலாம். ‘அல்லது’ என்று சேர்ந்திருந்தால் கூடாது. ‘பருத்தி போட்டவர் அல்லது கருப்பசாமி என்ற பெயருள்ளவர்’ என்று கேட்டால், பாதியை மட்டும் கீழே தள்ளிப் பருத்திக்காரர்களை மட்டும் கொண்டுவர முடியாது. குதிரைவாலி போட்ட கருப்பசாமி அங்கேயே விடுபட்டுப் போவார். மேலே எவ்வளவு சோதித்தாலும் அவர் வரப்போவதில்லை.

விடுபட்டவர் சத்தம் போட மாட்டார்

வேகம் குறைந்தால் திட்டுவதற்கு ஆள் இருக்கும். பட்டியலில் ஒரு பெயர் குறைந்தால் யாருக்குத் தெரியும்? திரையில் பிழை வராது, சிவப்பு எழுத்து வராது. 120 பேர் வர வேண்டிய இடத்தில் 117 பேர் வந்திருப்பார்கள். பட்டியலும் பார்க்கச் சுத்தமாக இருக்கும். அந்த மூன்று பேருக்குத் தெரியும்போது பதிவுக்கான தேதி முடிந்திருக்கும்.

தமிழில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். ‘அருப்புக்கோட்டை’ என்ற சொல்லையே பாருங்கள். அதிலுள்ள ‘கோ’வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்துக்குப் பின் ஓகாரக் குறியை ஒரே குறியாகப் போடலாம். அல்லது ஏகாரக் குறி, கால் என்று இரண்டு குறிகளாகவும் போடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பைட்களை மட்டும் ஒப்பிடும் சர்வருக்கு இரண்டும் வேறு வேறு ஊர். மேலே இருக்கும் ப்ரோகிராம் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தால், வடிகட்டலைக் கீழே தள்ளிய அன்றைக்குப் பதில் மாறிவிடும்.

பழைய தரவு என்றால் கேட்கவே வேண்டாம். யூனிகோடையும் டேஸ்16ஐயும் தமிழக அரசு தரமாக அறிவித்தது 2010இல்தான். அதற்கு முன் வானவில், பாமினி என்று ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியாக்கம். அது போக, திருச்சுழி என்றும் திருச்சுளி என்றும் எழுதுகிறார்கள். கருப்பசாமி, கருப்புச்சாமி, கருப்பசுவாமி எல்லாம் ஒரே ஆளாகவும் இருக்கலாம். முன்னெழுத்தைச் சிலர் முன்னால் போடுவார்கள், சிலர் பின்னால்.

இதற்கு நல்ல வழி ஒன்று உண்டு. கீழே தளர்வாகச் சலி, மேலே இறுக்கமாகச் சலி. பெயரில் ‘கரு’ என்று எங்காவது வந்தால் அனுப்பு என்று மட்டும் சர்வரிடம் சொல்லலாம். ‘கரு’ என்று தொடங்கினால் என்று சொல்லக் கூடாது, முன்னெழுத்துப் போட்டவர்கள் போய்விடுவார்கள். தேவையில்லாமல் நாலு பேர் கூட வரட்டும், மேலே வைத்துக் கழித்துக்கொள்ளலாம். வேண்டியவர் ஒருவர்கூட விடுபடக் கூடாது. போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸே சில இடங்களில் இப்படித்தான் செய்கிறது. இன்டெக்ஸ் துல்லியமாகச் சொல்ல முடியாதபோது, வந்த வரிகளை மறுபடி ஒரு முறை சோதித்துக்கொள்கிறது.

ஆனால் ‘அல்ல’ என்ற சொல் வந்தால் இந்தத் தளர்வே காலை வாரிவிடும். ‘கருப்பசாமி அல்லாதவர்கள்’ என்ற கேள்வியை ‘கரு வராதவர்கள்’ என்று தளர்த்தி அனுப்பினால், பாவம், கருணாகரன் காணாமல் போய்விடுவார். நேரான கேள்வியில் கூடுதல் ஆட்களைக் கொண்டுவந்த அதே தளர்வு, எதிர்மறையில் ஆட்களைக் குறைத்துவிடுகிறது.

இன்னொன்று, ‘முதல் 50 பேர்’ என்ற வரம்பு. மீதி நிபந்தனை மேலே காத்திருக்கும்போது வரம்பை மட்டும் கீழே தள்ளினால், சர்வர் ஏதோ 50 பேரை அனுப்பும். மேலே சோதித்தால் அதில் இரண்டு பேர் தேறுவார்கள். பார்ப்பவர் ஊரில் மொத்தமே இரண்டு பேர்தான் என்று நம்பிவிடுவார். வரம்பு எப்போதும் கடைசிச் சல்லடைக்குப் பிறகுதான்.

அடுத்தவர் வீட்டு விவரம்

வேகத்தைத் தவிர இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒரு லட்சம் வரிகளையும் இறக்கும்போது ஒரு லட்சம் பேரின் போன் நம்பரும் வங்கிக் கணக்கு எண்ணும் ஒரு மாணவரின் லேப்டாப்பில் வந்து உட்காருகின்றன. கேட்டது 120 பேர். மற்றவர்களின் விவரம் அங்கே இருக்க என்ன அவசியம்? 2023இல் இந்தியா நிறைவேற்றிய தனிநபர் எண்மத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தேவைக்கு மேல் திரட்டாதே என்றுதான் சொல்கிறது. சட்டத்தை விடுங்கள், அடுத்தவர் வீட்டுப் பெட்டியை முழுதாகத் திறந்து பார்ப்பது மரியாதையும் இல்லை.

அதே சமயம் யார் எதைப் பார்க்கலாம் என்ற பாதுகாப்பு நிபந்தனைதான் எல்லாவற்றுக்கும் முதலில் சோதிக்கப்பட வேண்டும். பயனர் எழுதிய நிபந்தனை அதற்குக் கீழே போய்விட்டால், அவர் பார்க்கக் கூடாத வரியும் அவருடைய ஃபங்ஷன் வழியாகக் கசிந்துவிடும். இதைத் தடுக்கவே போஸ்ட்கிரஸில் 2012இல் ‘செக்யூரிட்டி பேரியர்’ வியூக்களைச் சேர்த்தார்கள்.

எப்போது வேண்டாம்?

ஒரு கட்டு விறகுக்காக யாரும் மூட்டம் போட மாட்டார்கள். தரவே நூறு வரிதான் என்றால் மொத்தமாக இறக்கிவிடலாம். நிபந்தனை எதையுமே கழிக்காது என்றாலும் தள்ளுவதில் லாபமில்லை. சர்வர் ஒன்று, கேட்பவர்கள் ஆயிரம், ஒவ்வொருவரும் கனமான கணக்கைக் கீழே தள்ளுகிறார்கள் என்றால் சர்வர் படுத்துவிடும். எளிய ஒப்பீடுகள் கீழே, கனமான வேலை மேலே என்று பிரிப்பது நல்லது.

சரி, செய்தது சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒரே கேள்வியை இரண்டு விதமாக ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு முறை எல்லாவற்றையும் இறக்கி மேலே சலித்து. இன்னொரு முறை கீழே தள்ளி. இரண்டு பட்டியலும் ஆளுக்கு ஆள் ஒத்துப்போக வேண்டும். எண்ணிக்கை மட்டும் ஒத்துப்போனால் போதாது, ஒருவர் விடுபட்டு இன்னொருவர் நுழைந்திருக்கலாம். சோதனைத் தரவில் இரண்டு விதமான ‘கோ’வும் இருக்கட்டும், முன்னெழுத்து இல்லாத பெயரும் இருக்கட்டும், காலியாக விடப்பட்ட பயிர்க் கட்டமும் இருக்கட்டும்.

பதில் ஒத்துப்போன பிறகு வேகத்தைப் பார்க்கலாம். போஸ்ட்கிரஸ் என்றால் ‘எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ்’ போட்டுப் பாருங்கள். வடிகட்டியதில் கழிந்த வரிகள் எத்தனை என்று ஒரு எண் வரும். தூரத்து சர்வரிலிருந்து வரும் டேபிளுக்கு நேராக அந்த எண் லட்சத்தில் இருந்தால், அத்தனை வரியும் வாடகை கொடுத்து ஏற்றிவந்து இங்கே கொட்டப்பட்ட விறகு. முதலில் அதைக் குறையுங்கள்.